எட்டுப் பொட்டு

"இப்பத்தான்யா தங்கராசு காசெல்லாம் காசு மாதிரி இருக்கு. முன்னாடியெல்லாம் மூஞ்சி பூரா எட்டுப் பொட்டு வெச்சுட்டுல்ல நிக்கும்!"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது அக்கா. திருச்சியில் காசுக் கண்காட்சி நடந்த மண்டபத்தில் டீ கேன் வைத்திருந்த மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். ஒருவர் சொன்னார், இன்னொருவர் சிரித்தார். நான் காகிதக் கப்பைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். கப் நிரம்பி விரலில் வழிந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

தங்கராசு என் அப்பா. அந்த எட்டுப் பொட்டு நான்.

நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். "ஏம்மா, சொந்தக்காரங்க முன்னாடி இருக்க, நீ ஏன் தனியா இங்க வந்து உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான். பொதுவாக நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. ஆபீஸில் எனக்கு ஊமைக் கீர்த்தனா என்று பெயரே உண்டு. அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் வழுக்கைத் தலை தெரிகிறதா? அவர்தான் அப்பா. பக்கத்தில் கனகாம்பரம் வைத்த தலை என் அண்ணி, வதனி. மூன்று பேர் உட்காரும் சீட்டுதான். இடம் இருக்கிறது. நான்தான் போகவில்லை. பாருங்கள், இரண்டு தலையும் எப்படி ஒன்றாகக் குனிந்திருக்கின்றன. மடியில் காசு ஆல்பம். மற்ற நாளென்றால் திருச்சியில் ஏறினால் கரூர் வரைக்கும் பேச்சு ஓயாது. இன்றைக்கு ஏனோ சத்தமில்லை.

அப்பாவுக்குக் காசுதான் உயிர். செலவழிக்கிற காசு இல்லை, பழைய காசு. மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து சேர்க்கிறார். திருச்சியில் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. மாதம் தவறாமல் கூடுவார்கள். நான் விலங்கியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு நாள், "பாப்பா, உங்க காலேஜ்ல பூச்சியைப் பெருசாக்கிப் பாக்கறீங்களே, அந்த மாதிரி ஒண்ணு வீட்டுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். நான்தான் தேடி டிஜிட்டல் மைக்ராஸ்கோப் வரவழைத்துக் கொடுத்தேன். தடித்த டார்ச் லைட் போல இருக்கும். சின்ன ஸ்டாண்டில் நிற்கும். ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால் கட்டைவிரல் அளவுக் காசு திரை முழுக்க வந்துவிடும். அதன் வாயைச் சுற்றி எட்டுக் குட்டி விளக்குகள். பளபளப்பான காசென்றால் அந்த எட்டும் காசின் மேல் எட்டு வெள்ளைப் புள்ளியாக விழும். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. முத்து பதித்த மாதிரி இருக்கும். அப்பாவும் ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை.

சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவியதும் கறுப்புத் துணியை விரிப்போம். அப்பா காசை விளிம்பில் பிடித்து வைப்பார். "முகத்துல விரல் படக் கூடாது பாப்பா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வார், நானும் ஒவ்வொரு முறையும் "சரிப்பா" என்பேன். அம்மா அடுக்களையிலிருந்து, "அப்பனும் மகளும் சேர்ந்து அந்தக் காசையாவது வேக வெச்சுச் சாப்பிடுங்க" என்று கத்துவாள்.

தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். அண்ணிக்கு இன்னும் விசா வரவில்லை, அதனால் எங்களோடு இருக்கிறார். என்னைவிட ஒரு வயது சின்னவர். இருந்தாலும் அண்ணி அண்ணிதான். "வாங்க, போங்க" போட்டுத்தான் பேச வேண்டும். சொந்த ஊர் சிதம்பரம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே கவரிங் நகைகளை ஆன்லைனில் விற்கிற கடையில் படம் எடுக்கிற வேலை. கவரிங் நகை, கவனியுங்கள். பித்தளையைத் தங்கமாகக் காட்டுகிற வேலை.

முதலில் கொஞ்ச நாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பார், அவ்வளவுதான். ஒரு நாள் நிற்கிற இடத்திலிருந்தே, "மாமா, அந்த லைட்டை அணைச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"அணைச்சா இருட்டால்ல போயிடும், அம்மிணி?"

"இருங்க மாமா."

உள்ளே போய், கேக் டப்பாவில் வந்த பட்டர் பேப்பரை எடுத்து வந்தார். போன் டார்ச்சை அந்தப் பேப்பருக்குப் பின்னால் பிடித்து, காசுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகத் தாழ்த்தினார். அன்றைக்கு மேசையில் இருந்தது கம்பெனிக்காரன் காலத்துச் செப்புக்காசு, தராசு போட்டது. திரையில் அந்தத் தராசுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எழுந்து நின்றது. நிழல் விழுகிறதல்லவா, அதனால். வேறு ஒன்றும் இல்லை, வெறும் நிழல்.

அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அம்மிணீ!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நான் எம்.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியபோதுகூட அப்பாவிடமிருந்து அந்தச் சத்தம் வரவில்லை.

அப்புறம் என்ன? நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் துணி விரித்திருக்கும். அண்ணி வளையலைக் கழற்றிச் சன்னலில் வைத்திருப்பார், காசில் உரசக் கூடாதென்று. யாரும் சொல்லவில்லை, தானாகவே. நகத்தையும் ஒட்ட வெட்டியிருப்பார். எனக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது அக்கா. அப்பா "முகத்துல விரல்..." என்று தொடங்கும்போதே அண்ணி "படாது மாமா" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். "ஏன்டி, குழம்பு ஊத்தாமலே பிசையறே?" என்பாள் அம்மா.

நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. முழுக்கக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் சிங்காரம் மாமா கதையைச் சொல்ல வேண்டும். அவரும் மன்றத்து ஆள்தான், அப்பாவின் சேக்காளி, மணப்பாறைக்காரர். நான் வேலைக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. ஒரு கூட்டத்துக்கு, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். ரொம்ப மதிப்பான காசுகளைப் போட்டு வைக்க வட்டமாக, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். டப்பாவில் போட்ட காசைத் திறந்து காட்டு என்று மன்றத்தில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அது அவர்களுக்குள் ஒரு மரியாதை. அன்றைக்கு அப்பா கேட்டுவிட்டார். சிங்காரம் மாமா சிரித்துக்கொண்டே திறந்து கொடுத்தார். அப்பா உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அச்சுல அடிச்ச காசு முகம் வழவழன்னு இருக்கும். உருக்கி ஊத்தின காசுல காத்துக் குமிழ் வெடிச்சுக் குட்டிக் குட்டிக் குழி விழுந்திருக்கும். சிங்காரம், இது ஊத்தினது. போலி. முகத்தைப் பாரு, பொய் சொல்லாது."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிங்காரம் மாமா மன்றத்துப் பக்கமே வரவில்லை. அப்பா மணப்பாறைக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். மாமா வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டாராம். அப்பாவுக்கு அப்படி ஒரு கண் அக்கா. போலி என்றால் காத தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது என் காசு.

எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்தது. அப்பாவுக்கு ஏதாவது வாங்க வேண்டும். சட்டை, வேட்டியெல்லாம் எல்லோரும் வாங்கிக் கொடுப்பதுதானே? ஒரு திருவிழாக் கடைத்தெருவில், பழைய காசுகளைப் பேப்பரில் பரப்பி வைத்திருந்தார் ஒருவர். நடுவில் ஒரு வெள்ளி ரூபாய், கிரீடம் வைத்த ராஜா தலை. திருப்பிப் பார்த்தேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த வருஷத்து ரூபாய் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! மன்றத்தில் யாரிடமும் கிடையாது. அந்த மனிதருக்கு அதன் அருமையே தெரியவில்லை, பாவம். தாத்தா பெட்டியில் கிடந்ததாம், சம்சாரத்துக்கு ஆபரேஷனாம், அவசரத்துக்கு விற்கிறாராம். நான் பேரம்கூடப் பேசவில்லை. கையில் இருந்த சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவரை ஏமாற்றிவிட்டோமோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கினார். தூக்கிப் பார்த்தார், விளிம்பைத் தடவினார், சன்னல் பக்கம் போனார். போனவர் போனவர்தான். முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். "என்னங்க, என்ன காசு அது?" என்று அம்மா கேட்டாள். "எம் பொண்ணு முதல் சம்பளத்துல எனக்கு வாங்கியிருக்கா" என்றார். ஆனந்தத்தில் வேறு வார்த்தையே வரவில்லை அவருக்கு.

ஆல்பத்தில் முதல் பக்கத்தில் முதல் இடம் அதற்குத்தான். மற்ற காசுகளுக்கெல்லாம் ராஜா பெயர், உலோகம், எடை எல்லாம் எழுதுவார். இதற்கு 'கீர்த்தனா' என்று மட்டும். வேறு எந்தக் காசை யார் கேட்டாலும் கையில் கொடுப்பார், இதை மட்டும் கொடுக்கவே மாட்டார். "அது எம் பொண்ணோடது" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவ்வளவு பிரியம். இன்னொன்றும் கவனித்தேன். அதற்குப் பிறகு மன்றத்தில் யார் காசைப் பற்றியும் அப்பா குறை சொன்னதே இல்லை. "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வயசாகிறதல்லவா?

இன்றைக்கு நடந்தது மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சி. ஒவ்வொருவர் சேகரிப்பையும் திரையில் போட்டுக் காட்டுவார்கள். போன மாதமே அப்பா சொல்லிவிட்டார்: "படமெல்லாம் அம்மிணி எடுக்கட்டும். பாப்பாவுக்கு ஆபீஸ் வேலையே சரியா இருக்கு." என் ஆபீஸ் வேலை அவருக்குத் திடீரென்று பெரிதாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன். ஒளிந்து பார்க்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான். கடைசியாக என் ரூபாய். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். ராஜா முகம் திரையில் வந்தது. அண்ணி திரைக்குக் கிட்டே குனிந்தார். ஏதோ எறும்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி அப்பா வருகிறாரா என்று பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? எடுத்த படத்தை அழித்தார். டார்ச்சை அணைத்தார். அந்த எட்டு விளக்கைப் போட்டார். ராஜா முகத்தில் எட்டுப் பொட்டு. அதைத்தான் எடுத்து வைத்தார்.

எல்லாக் காசுக்கும் நிழல், சங்கிலி, அழகு. என் காசுக்கு மட்டும் பொட்டு!

எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணி, என் காசுக்கு மட்டும் இந்த லைட்டு?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெள்ளி இல்லீங்களா கீர்த்தி, ரொம்பக் கூசுது. இப்படித்தான் நல்லாருக்கு."

"மத்த வெள்ளிக் காசெல்லாம் கூசலீங்களா?"

"உங்க காசு தனி அழகு" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வேறென்ன அக்கா, பொறாமை. தான் எடுக்கிற படத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என் காசு என்று தெரிந்துவிட்டது. பொறாமைக்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

போன வாரம் தங்கை வளைகாப்புக்கு அண்ணி சிதம்பரம் போனார். அப்பா கடைக்குப் போன நேரத்தில் நானே துணியை விரித்தேன். பட்டர் பேப்பர், டார்ச், பக்கவாட்டு வெளிச்சம். என்ன பெரிய வித்தை? பாருங்கள், போனில் வைத்திருக்கிறேன். இதோ. இதற்கு என்ன குறை? கன்னத்தில் மயிர்க்கால் மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள் தெரிகின்றனவா? காதோரம் பாருங்கள். கிரீடத்துக்குக் கீழே, எழுத்துகளின் இடுக்கில்கூட. நாங்கள் கல்லூரியில் தேனீயின் தலையைப் பார்த்தால் இப்படித்தான் தெரியும். இல்லை இல்லை, நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. சிங்காரம் மாமா காசில் இருந்தது குழி. இது நுணுக்கம். வயதான காசுக்கு அப்படித்தான் இருக்கும்.

பென் டிரைவில் அண்ணி போட்டிருந்த பொட்டுப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. திரையில் வரும்போது அப்பா எழுந்து நிற்பார். "யார் எடுத்தது?" என்று கேட்பார். அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

குளித்தலை வந்துவிடுமா? இன்னும் கொஞ்சம் இருக்கிறதா? சரி, முடித்துவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து படம் போட்டார்கள். மன்றச் செயலாளர் வேலாயுதம்தான் லேப்டாப்பில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டல். தராசுக் காசுக்கு ஒருவர் விசிலே அடித்தார். அப்பா முன்வரிசையில் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் என் படம்.

யாரும் தட்டவில்லை.

"கொஞ்சம் பெருசாக்குங்க" என்று ஒரு குரல். வேலாயுதம் பெரிதாக்கினார். சுவர் முழுக்க ராஜாவின் கன்னம். யாரோ யார் காதிலோ ஏதோ சொன்னார்கள். "தங்கராசண்ணே, இது..." என்று வேலாயுதம் இழுத்தார். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை.

நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எழுந்தேன். எனக்குக் கூட்டத்தில் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, பாதி எழுந்தேன். அதற்குள் பக்கத்தில் அண்ணி எழுந்துவிட்டார்.

"அது நான் எடுத்த படங்க. லென்ஸ்ல தூசி இருந்திருக்கு, நான் துடைக்கலை. காசுல ஒண்ணுமில்லீங்க. தப்பு என்னோடது."

கேட்டீர்களா? என் படம்! எடுத்தது நான். கூசாமல் தன் பெயரைப் போட்டுக்கொண்டதும் இல்லாமல், அதில் குறை வேறு! என் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார். அழுத்திப் பிடித்தார், இன்னும் வலிக்கிறது. நான் வாயில்லாதவள் என்று தெரிந்துதானே?

வேலாயுதம் விடவில்லை. "தூசின்னா என்ன, காசைக் கையில பார்த்துட்டாப் போச்சு. கொண்டாங்கண்ணே."

அப்பா ஆல்பத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இது காட்சிக்கு வெச்சது இல்லப்பா. எம் பொண்ணு குடுத்தது."

"பொண்ணு குடுத்தா என்ன, காசு காசுதானுங்களே?"

பின்னாலிருந்து ஒருவர், "அன்னிக்குச் சிங்காரத்துக்கு ஒரு சட்டம், இன்னிக்குத் தங்கராசுக்கு ஒரு சட்டமா?" என்றார். சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவ்வளவு அரிய காசு, யாருக்குத்தான் கையில் வாங்கிப் பார்க்க ஆசை இருக்காது? ஆனால் அப்பா கொடுக்கவில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். சிங்காரம் மாமா. எப்போது வந்தார், யார் கூப்பிட்டு வந்தார் என்று தெரியவில்லை. இளைத்துப் போயிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். கையை மட்டும் நீட்டினார். இத்தனை பேர் கேட்டும் கொடுக்காத அப்பா, முதல் பக்கத்தைத் திறந்து காசை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

சிங்காரம் மாமா விளிம்பில்தான் பிடித்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்தார். மாமா ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வட்ட டப்பாவை எடுத்தார். உள்ளே ராணி தலை ரூபாய் ஒன்று இருந்தது. டப்பாவைத் திறந்து அதைத் தன் பையில் கொட்டிக்கொண்டார். அந்த இடத்தில் என் ரூபாயை வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து 'டக்'கென்று அழுத்தி மூடினார். டப்பாவில் போட்ட காசை இனி மன்றத்தில் யாரும் திறக்கச் சொல்ல மாட்டார்கள். அப்பாவின் உள்ளங்கையை விரித்து, டப்பாவை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.